சாளைக்கு எதிரே நின்ற வண்டி

ரங்காத்தாளை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியபோது வாத்தியாரே வீடு தேடி வந்தார். "வாயத் தொறக்காத புள்ளைங்க. ஆனா கேட்டுப் பாத்தா அத்தனையும் தெரிஞ்சு வெச்சிருக்குது. நிறுத்தாதீங்க" என்றார். எருமை மேய்க்க ஆள் இல்லை என்று அவளுடைய அப்பன் சொல்லிவிட்டார். வாத்தியார் மோர் குடித்துவிட்டுப் போனார். அவள் எருமைக்குப் பின்னால் போனாள்.

பேசாத குறையை அவள் கண்ணால் தீர்த்துக்கொண்டாள். எந்தக் கோழி எந்தப் புதருக்குள் முட்டையை ஒளித்து வைக்கிறது, எந்த எருமை நாளைக்குத் தீனி தின்னாமல் படுக்கப் போகிறது, கிணற்றுமேட்டில் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பவர்களில் யார் சற்று முன்னால் அழுதுவிட்டு வந்தவர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தானாகச் சொல்ல மாட்டாள். யாராவது கேட்டால்தான் சொல்வாள். கேட்பதற்கு அவளுடைய அண்ணன் கிட்டுசாமி ஒருவன்தான் இருந்தான்.

பதினேழு வயதில் அவளைப் பல்லடத்துக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவே சாலையோரச் சாளை ஒன்றில் குடியிருந்த சாமியப்பனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஊருக்குள் இல்லாமல் தோட்டத்துக்கு நடுவிலேயே இருக்கும் வீடுதான் சாளை. பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. ஒரு கிணறு, நான்கு உருப்படி மாடு, எதிரே தார்ச்சாலை. சாமியப்பன் தங்கமான மனுஷன். விடிந்தால் ஏர், பொழுது சாய்ந்தால் தூக்கம். பேசுகிற வேலை முழுவதையும் மாமியார் பெரியாத்தாளே பார்த்துக்கொண்டாள்.

கிட்டுசாமி திருப்பூரில் பிழைத்தான். முதலில் ரயிலடியிலிருந்து நூல் பேல்களை மாட்டு வண்டியில் ஏற்றிப் பனியன் கம்பெனிகளில் இறக்கினான். பிறகு லாரியொன்றில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டப் பழகி, லைசென்சும் வாங்கினான். ஆனாலும் முப்பத்திரண்டு வயதில்தான் அவன் கைக்கென்று ஒரு ஸ்டீயரிங் வந்தது. வீரபாண்டிப் பக்கம் பனியன் கம்பெனி வைத்திருந்த நாச்சிமுத்து முதலாளி, சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஓடிய பழைய பிக்கப் வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் சரக்குப் போடத் திறந்த தொட்டி. அதற்குப் பச்சை வண்ணம் அடித்து, கிட்டுசாமியை டிரைவராக வைத்தார். அது அறுபத்து நாலாம் வருஷம்.

வியாழக்கிழமை தோறும் காலையில் டாங்கு நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பனியன் மூட்டைகளோடு புறப்படுவான். பல்லடம் வழியாக உடுமலை, அங்கிருந்து மடத்துக்குளம். கடைகளில் சரக்கைப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வெறும் வண்டியாகத் திரும்புவான். போகும்போதும் வரும்போதும் தங்கையின் சாளையைத் தாண்டுகையில் ஹாரனை இரண்டு தரம் அழுத்துவான். அவள் வாசலுக்கு ஓடி வருவாள். நிறுத்திப் பேச நேரம் இருக்காது. கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்விடுவான். அந்த இரண்டு ஹாரனுக்காகவே வியாழக்கிழமைகளில் அவள் வாசல் வேலையைச் சீக்கிரம் முடித்து வைத்திருப்பாள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வியாழக்கிழமையாக இருந்தது. அன்றைக்கு மட்டும் வண்டியைச் சாளைக்குள்ளேயே ஓட்டிவந்து நிறுத்தினான்.

"அம்மிணி, கம்பெனில மொதலாளி பூசை போட்டுட்டாரு. ஆனா கூடப் பொறந்தவ கையால ஒரு பொட்டு வெக்காம எனக்கு மனசு கேக்கல. சட்டுன்னு வா."

அவள் சந்தனம் உரைத்தாள். ஓடுகிற வண்டியாயிற்றே, காற்றில் உதிர்ந்துவிடக் கூடாது என்று கருவேலம்பிசினைக் கரைத்து அதில் சேர்த்தாள். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசும்போது அந்தச் சாளையில் அப்படித்தான் செய்வார்கள். மழை பெய்தாலும் போகாது. முன்விளக்கு இரண்டுக்கும், பானெட்டுக்கும், சக்கரம் நான்குக்கும், ஸ்டீயரிங்குக்கும் பொட்டு வைத்தாள். கடைசியில் வண்டியின் பக்கவாட்டில் இருந்த பெட்ரோல் டாங்கின் மூடிக்கு வந்தாள். உருண்டையான மூடி. நடுவில் சின்னதாக ஒரு குழி. பொட்டு வைக்கவே இடம் விட்டுச் செய்தது மாதிரி இருந்தது. அந்தக் குழியில் விரலை அழுத்திச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள்.

"இப்பத்தான் வண்டிக்கு மொகம் வந்துச்சு" என்று சிரித்துவிட்டுக் கிட்டுசாமி கிளம்பிப் போனான்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் இரண்டாவது ஹாரன் வரவில்லை. வண்டி இருமியது. விக்கி விக்கி இரண்டு முழம் நகர்ந்தது. சாளைக்கு நேர் எதிரே, புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

கிட்டுசாமி இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். "அம்மிணி, ஒரு கொடம் தண்ணி கொண்டா" என்று கூப்பிட்டான். ரேடியேட்டருக்கு ஊற்றினான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். வயரை ஆட்டிப் பார்த்தான். பெட்ரோல் வருகிற குழாயில் வாய் வைத்து ஊதினான். முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினான். வண்டி அசையவில்லை. அரைமணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கடைசியில், பெட்ரோல்தான் ஒழுகிவிட்டதோ என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தான். முக்கால் குச்சிக்குமேல் நனைந்து வந்தது. மூடியைத் திருகினான். அவன் விரல் பட்டதில் பொட்டின் ஓரம் உதிர்ந்திருந்ததை ரங்காத்தாள் பார்த்தாள். உள்ளே ஓடிச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, குழியில் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். கிட்டுசாமி ஹாண்டிலை மறுபடி சுற்றினான். நான்காம் சுற்றில் வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

அவள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

"எவன் கண்ணு பட்டுச்சோ. நீ பொட்டு வெச்ச ராசி, கெளம்பிருச்சு பாரு" என்றாள் பெரியாத்தாள். மாமியார் வாயிலிருந்து அவளுக்கு நல்ல சொல் வந்தது அபூர்வம்.

அதற்கடுத்த வியாழனும் அதே இடம். அதற்கடுத்ததும் அதே. அநேகமாக ஒவ்வொரு தடவையும் பானெட், தண்ணீர், பிளக், குழாய், ஹாண்டில். கடைசியில் மூடி, குச்சி. அவள் கிண்ணத்தோடு தயாராக நின்றாள். பொட்டு வைப்பாள், வண்டி கிளம்பும். பயத்தோடுதான் நின்றாள். ஆனால் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அரைமணி நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. அண்ணன் வேலை செய்துகொண்டே பேசுவான். திருப்பூரில் பருத்தி மூட்டை எரிந்தது, வாடகை வீட்டுக்காரன் பூனை வளர்ப்பது, அண்ணி மறுபடியும் முழுகாமல் இருப்பது, எல்லாம் அந்த நேரத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் அந்த அரைமணி கம்பெனியில் வேறு கணக்காகிக்கொண்டிருந்தது. நான்காம் வியாழன் வண்டி ஒன்றரை மணி நேரம் பிந்தி உடுமலைக்குப் போய்ச் சேர்ந்தது. காத்திருந்து சலித்த கடைக்காரர் வேறு கம்பெனிச் சரக்கை இறக்கிவிட்டார். கொண்டுபோன மூட்டைகளில் பாதி அப்படியே திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் வண்டி சாளைக்கு முன்னால் நின்றது. இந்தத் தடவை கிட்டுசாமியே நிறுத்தினான். இறங்கிப் படியில் உட்கார்ந்தான். கொடுத்த தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தானே தவிரக் குடிக்கவில்லை.

"கம்பெனி மேஸ்திரி அய்யாசாமி என்ன சொல்றான் தெரியுமா? 'நம்ம வண்டிக்கு மூக்கு ஏகமா வேல செய்யுதுங்க. தங்கச்சி ஊட்டுக் கொழம்பு வாசம் வந்தா அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வெக்கறதில்ல'ங்கறான். அத்தன பேரும் சிரிக்கறாங்க."

"நீங்க ஒரு வாய் தின்னதில்லியேண்ணா."

"அதோட உட்டாத் தேவலையே. 'மூட்டையோட போறப்பதான் நிக்குது, வெறும் வண்டியா வர்றப்ப நிக்கறதில்ல, அது ஏனுங்க மொதலாளி'ன்னு கேக்கறான். அதுக்கு என்ன அர்த்தம்?"

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு உடனே புரிந்தது. வண்டி நிற்பது மூட்டையைப் பிரித்துத் தங்கை வீட்டில் இறக்குவதற்கு. அண்ணன் திருடன், அவள் திருட்டுக்கு இடம் கொடுக்கிறவள்.

"மெக்கானிக்கு பாத்தாரில்லீங்ணா?"

"தண்டாயுதபாணியா? கார்புரேட்டரக் கழட்டிக் கழுவிட்டான். பிளக்குக்குக் கரண்டு குடுக்கற காயில மாத்திட்டான். பெட்ரோல் பம்பு சூடாவுதோன்னு அதுக்கு ஈரத்துணி சுத்திப் பாத்துட்டான். திருப்பூருக்குள்ள ஓட்டிப் பாத்தா வெண்ணெயாட்டப் போவுது. நான் பொய் சொல்றேன்னு அவனும் நெனைக்கறான்."

இந்தப் பேச்சு எப்படியோ பெரியாத்தாள் காதுக்கும் போயிற்று. மறுநாள் மோர் கடையும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஏனம்மிணி, உங்கண்ணன் இங்க மூட்ட மூட்டையாப் பனியன எறக்கறானாமா. எங்க வெச்சிருக்கற? எம்பட மவன் பத்து ஓட்டையோட ஒரு பனியனப் போட்டுட்டு ஏர் ஓட்டறான், அவனுக்கொண்ணு எடுத்துக் குடுக்கக் கூடாதா?" கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு மருமகள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பார்வையை ரங்காத்தாளும் பார்த்தாள்.

அடுத்த வாரம் மேஸ்திரி அய்யாசாமியே வண்டியில் ஏறினான். எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார். ரங்காத்தாள் காலையிலேயே சந்தனம் உரைத்து வைத்துவிட்டு நின்றாள். இன்றைக்கு வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். நின்றால்தான் அண்ணன் சொன்னது நிஜம் என்று ஆகும்.

ஹாரன் ஒன்று. ஹாரன் இரண்டு. வண்டி நிற்காமல், இருமாமல், புளியமரத்தைத் தாண்டிப் போயே போய்விட்டது. மேஸ்திரி தலையை வெளியே நீட்டி, சாளையையும் அவளையும் அவள் கையிலிருந்த கிண்ணத்தையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் திரும்பும்போது மேஸ்திரி உடுமலையிலேயே உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டதால் கிட்டுசாமி தனியாக வந்தான். மறுநாள் முதலாளி முடிவு சொல்வார் என்றான். மறுநாள் சொன்ன முடிவை அந்தப் பக்கமாக வந்த லாரிக்காரர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினான். அடுத்த வியாழக்கிழமை முதலாளியும் மெக்கானிக் தண்டாயுதபாணியும் கூடவே வருகிறார்கள். வண்டி நிற்காவிட்டால் கிட்டுசாமி பொய்யன் என்பது உறுதி, சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நின்றால் வண்டி உதவாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார், வண்டி இல்லாத கம்பெனிக்கு டிரைவர் எதற்கு? நின்றாலும் போயிற்று, நிற்காவிட்டாலும் போயிற்று.

ரங்காத்தாள் அந்த வாரம் முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். களை எடுக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அந்த வியாழக்கிழமைகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். பொட்டு வைத்ததால்தான் வண்டி கிளம்பியது என்றால், மேஸ்திரி வந்த அன்று பொட்டே வைக்காமல் எப்படி ஓடிற்று? அன்றைக்கு வேறு என்ன நடந்தது? சாயங்காலம் அண்ணன் ஒன்று சொன்னானே. "பல்லடத்துல டீ குடிக்க நிறுத்தச் சொன்னான் அம்மிணி. நான் பெட்ரோல் திருடறனாமா. மூடியத் தொறந்து குச்சி உட்டு அளந்துட்டுத்தான் மறுபடி ஏறுனான்."

மூடியைத் திறந்திருக்கிறார்கள்.

வண்டி மூன்றாம் தடவை நின்ற வியாழக்கிழமை கிட்டுசாமிக்கு அவசரம். வேறு எதையும் தொடாமல் முதலிலேயே மூடியைத் திறந்து பார்த்தான். அன்றைக்கு மட்டும்தான் அரைமணி ஆகவில்லை, கால்மணிகூட ஆகவில்லை. அவளுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. மூடியைத் திறக்கும்போது ஒரு சத்தம் வரும். மூச்சை இழுப்பது மாதிரி. அண்ணன் பேசிக்கொண்டே திறந்ததால் அவன் காதில் அது விழுந்திருக்காது.

அதற்கு மேல் அவளுக்குப் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை சமையலுக்குக் கடலெண்ணெய் டின்னைச் சாய்த்தபோது எண்ணெய் நாலு சொட்டு விழுந்து நின்றது. டின் நிறைய எண்ணெய் இருக்கிறது. குலுக்கினால் "குளுக்" என்று ஒரு வாய் துப்பிவிட்டு மறுபடி நின்றுவிட்டது. டின்னின் தலையில் எப்போதும் இரண்டு ஓட்டை போட்டு வைத்திருப்பாள். ஒன்று எண்ணெய் வர, ஒன்று காற்றுப் போக. எறும்பு ஏறுகிறது என்று பெரியாத்தாள் காற்று ஓட்டையைச் சோப்பு வைத்து அடைத்திருந்தாள். ரங்காத்தாள் நகத்தால் அந்தச் சோப்பைக் கிள்ளி எடுத்தாள். டின் ஒரு பெருமூச்சு விட்டது. எண்ணெய் நூல் பிடித்த மாதிரி இறங்கியது.

அவள் வடைச்சட்டியைப் பார்க்கவில்லை. டின்னையே பார்த்தபடி நின்றாள். அந்த மூடியின் குழி. பொட்டுக்கென்றே விட்ட இடம். பிசின் கரைத்த சந்தனம். ஒரு தடவை வைத்தது போதாதென்று வாரா வாரம் வைத்தது.

"எண்ண வழியுதம்மிணி!" என்று பெரியாத்தாள் கத்தினாள்.

புதனும் போயிற்று. அண்ணனுக்குத் தகவல் சொல்ல வழி இல்லை. புருஷனிடம் சொல்லலாமா என்று இரண்டு தரம் வாய் எடுத்தாள். சொல்லவில்லை. நினைத்தது தப்பாக இருந்தால் ஆண்பிள்ளைகள் நடுவில் சிரிப்பாய்ச் சிரிக்கும். சரியாக இருந்தால் அண்ணனை இந்தக் கதிக்கு ஆளாக்கியது அவள் கை.

வியாழக்கிழமை வந்தது. முதல் ஹாரன் அடித்தது. வண்டி இருமி, விக்கி, புளியமரத்தடியில் நின்றது.

நாச்சிமுத்து முதலாளி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். குள்ளமான மனுஷர், அதிகம் பேசாதவர். தண்டாயுதபாணி ஏற்கெனவே பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். கிட்டுசாமி யார் முகத்தையும் பார்க்காமல் பெட்ரோல் குச்சியை எடுத்துக்கொண்டு மூடிப் பக்கம் போனான்.

ரங்காத்தாள் சாலையைக் கடந்தாள். கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில், வெளி ஆண்கள் நிற்கிற இடத்துக்கு அவள் தானாகப் போனதில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள்.

"மூடியத் தொறக்காதீங்ணா."

தண்டாயுதபாணி தலையை வெளியே எடுத்தார். "ஏனம்மிணி? பெட்ரோல் இருக்குதான்னு பாக்கோணுமல்ல?"

"இருக்குதுங்க. அதத் தொறக்காம எத்தன தரம் வேணா சுத்திப் பாருங்க. கெளம்பாதுங்க."

"யாரப்பா இது?" என்றார் முதலாளி.

"என்ற தங்கச்சிங்க."

"ஓ. கொழம்பு வெக்கிற அம்மிணியா?"

ரங்காத்தாளுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "கொழம்பு வெக்கறது நாந்தானுங்க. ஆனா எங்கண்ணன் இந்தச் சாளையில ஒரு வாய் தின்னதில்லீங்க. எண்ணிக்கையா அஞ்சு தரம் வண்டி நின்னுருக்குது. அஞ்சு தரமும் நான் பாத்துட்டிருந்தேன். அந்த மூடியத் தொறக்காம வண்டி ஒருக்காக்கூடக் கெளம்புனதில்லீங்க. மேஸ்திரி வந்தன்னிக்குப் பல்லடத்துலயே தொறந்துட்டாங்க. அதனாலதானுங்க நிக்கல."

முதலாளி மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் லேசாகச் சிரித்தார். "மூடிக்கும் எஞ்சினுக்கும் என்னங்க இருக்குது? சரி, சுத்திப் பாத்துருவோம்" என்று ஹாண்டிலைப் போட்டார். இருபது சுற்றுச் சுற்றினார். கை மாற்றி மறுபடி சுற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டி ஒரு முனகல்கூடக் காட்டவில்லை.

"இப்பத் தொறங்ணா. மெதுவாத் தொறங்க. எல்லாரும் சித்தே பேசாம இருங்க" என்றாள்.

கிட்டுசாமி மூடியைத் திருகினான். "உஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. தண்ணீருக்குள் முங்கியிருந்த எருமை மூக்கை வெளியே நீட்டி இழுக்கிற மூச்சு மாதிரி இருந்தது. தண்டாயுதபாணியின் கை ஹாண்டில்மேலேயே நின்றுவிட்டது. எழுந்து வந்தார். கிட்டுசாமி கையிலிருந்து மூடியை வாங்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உள்பக்கமாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

"காத்து ஓட்ட அடஞ்சு போச்சுங்க மொதலாளி. பெட்ரோல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து உள்ள போவோணும். இங்க போறதுக்கு வழியில்ல. டாங்கு மூச்சுமுட்டிப் பெட்ரோல உடமாட்டேங்குது. டாங்கு நெறஞ்சிருந்தா உள்ள காத்துக்கு எடமே கெடையாது, சீக்கிரமே புடிச்சுக்கும். அதனாலதான் போறப்ப நிக்குது, பாதி காலியாகி வர்றப்ப நிக்கறதில்ல. என்ற கடையில எத எடுத்தாலும் மொதல்ல மூடியத் தொறந்து பெட்ரோலு பாப்பேனுங்க. அப்பவே சரியாப் போயிரும். எனக்கெங்க சிக்கும்?"

"எது அடைச்சுது?"

மெக்கானிக் நகத்தால் சுரண்டினார். கல்லாக இறுகிய மஞ்சள் தூள் உதிர்ந்தது. மூக்கருகில் கொண்டுபோனார். "சந்தனமுங்க" என்றார்.

புளியமரத்தில் ஒரு காக்கை கத்தியது. முதலாளி கிட்டுசாமியைத் திரும்பிப் பார்த்தார். உடுமலைச் சரக்கில் பாதி திரும்பி வந்தது அந்தப் பார்வையில் இருந்தது.

"நாந்தானுங்க மொதலாளி" என்றான் கிட்டுசாமி. "பூசைக்கு நாந்தான் வெச்சேன்."

அவன் எதற்காகச் சொல்கிறான் என்று ரங்காத்தாளுக்குத் தெரியும். சாளை வாசலில் பெரியாத்தாள் வந்து நின்று காது கொடுத்துக்கொண்டிருந்ததும் தெரியும். பேசாமல் இருந்துவிடலாம். அவளுக்குப் பழக்கமானதுதான்.

"இல்லீங்க. அண்ணன் வெக்கல. நானுங்க. உதுரக் கூடாதுன்னு பிசினும் கரைச்சு ஊத்துனேன். நின்ன வாட்டியெல்லாம் பொட்டு வெச்சா செரியாவுதுன்னு மேலயே மேலயே வெச்சுட்டு வந்தேன். எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

முதலாளி வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார். பானெட்டில் அவரே தம் கையால் இட்ட சந்தனப் பட்டை இருந்தது. அதன் எதிரே கொஞ்ச நேரம் நின்றார்.

"தண்டபாணி, நாலு வாரமாக் காயில மாத்தற, பம்புக்குத் துணி கட்டற. இந்தப் பொட்டு உன்ற கண்ணுல படலையா?"

"பட்டுதுங்க. பொட்டுதானேன்னு உட்டுட்டேனுங்க."

"எனக்கும் பட்டுச்சு" என்றார் முதலாளி.

மெக்கானிக் ஓட்டையைக் குத்திவிட முள் தேடினார். ரங்காத்தாள் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். அவர் குத்தி, ஊதி, மறுபடி வெயிலுக்குப் பிடித்தார். இந்தத் தடவை கடுகளவு வெளிச்சம் தெரிந்தது. மூடியை மூடி, கிட்டுசாமி ஹாண்டிலைப் போட்டான். இரண்டாம் சுற்றிலேயே வண்டி எழுந்துகொண்டது.

முதலாளி மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. முதலாளிமார் கேட்பதில்லை. "அம்மிணி, ஒரு சொம்பு மோர் இருந்தாக் குடு. இத்தன வாட்டி வண்டி இங்க நின்னதுக்கு நானாச்சும் ஏதாச்சும் குடிச்சுட்டுப் போறேன்" என்றார். அவள் கொண்டுவந்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கிட்டு, பழைய வண்டி. இனிமேப் போறப்ப இங்க ஒரு கால்மணி நிறுத்தி, தண்ணி ஊத்தி ஆற வெச்சுட்டுப் போ. மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

வண்டி போனபின் பெரியாத்தாள் வாசலை விட்டு நகரவில்லை. மருமகள் சாலையைத் தாண்டி வருகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன வரப்போகிறதோ என்று ரங்காத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம்பட ஊட்டுச் சந்தனத்துக்கு அத்தன பலமிருக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள் பெரியாத்தாள். கொஞ்சம் பொறுத்து, "அவன் திருடனில்லன்னு நானும் நெனச்சேன்தான். வாயில அப்படி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

அந்தப் பச்சை வண்டி அதற்குப் பின் ஒன்பது வருஷம் ஓடியது. கிட்டுசாமிதான் ஓட்டினான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சாளைக்குள் கொண்டுவந்து நிறுத்துவான். ரங்காத்தாள் பிசின் சேர்க்காத சந்தனத்தை எல்லா இடத்திலும் வைப்பாள். பெட்ரோல் மூடியை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவாள். விசேஷங்களில் யாராவது "வண்டி ரிப்பேர் பாத்த அம்மிணி இதுதானா?" என்று கேட்டால் சமையல்கட்டுக்குள் புகுந்துகொள்வாள்.

ஆனால் முதலாளி வந்துபோன அடுத்த வியாழக்கிழமையை அவள் மறக்கவில்லை. அன்று தட்டைப்பயறுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு ஹாரனும் முழுதாகக் கேட்டது. புளியமரத்தடிக்கு வந்ததும் வண்டி இருமவில்லை, விக்கவில்லை. கிட்டுசாமி நிறுத்தினான், அதனால் நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சாளை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினான். கை கழுவிக்கொண்டு போய் ஏறினதும், வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது.